எதிர்க்கரை மலை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று வடக்கே நோக்கினால் துறைமுகத்து நீர்ப்பரப்புத் தெரியும். அதற்கு அப்பால் ஒரு மலை தெரியும். போர்ட் பிளேர் நகரில் பீனிக்ஸ் பே என்னும் பகுதியில், ஒரு மேட்டின்மேல் அமைந்திருந்தது அந்த வீடு. எனக்கு ஐந்து வயதானபோது அங்கே குடிவந்தோம். காலையில் பல் துலக்கும்போதும் மாலையில் காய்ந்த துணிகளை எடுக்கும்போதும் அந்த மலையைப் பார்த்திருக்கிறேன். மழை வருவதை எங்களுக்கு முதலில் அறிவிப்பது அதுதான். மலையின் தலை மறைந்துவிட்டால், கால் மணி நேரத்தில் எங்கள் கொடியிலுள்ள துணி நனைந்துவிடும்.

அதன் பெயர் மவுண்ட் ஹாரியட். அதைச் சுற்றியுள்ள காடும் கிழக்கே கடல்வரை இறங்கும் சரிவும் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. எட்டு ஆண்டுகள் நாள்தோறும் பார்த்த அந்த மலைக்கு நாங்கள் ஒருமுறையேனும் போனதில்லை. கண்ணெதிரே இருப்பதற்குப் போய்வர என்ன அவசரம் என்று இருந்துவிட்டோம். வேறு ஊர்களிலிருந்து வந்த விருந்தினர்களே அதை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கர். திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ மாற்றல் வேண்டுமென்று மூன்று ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். வந்ததோ போபாலுக்கு. அப்படியும் அவர் மகிழ்ந்தார். “நடுவில் கடல் இல்லை அல்லவா? ரயிலில் ஏறி உட்கார்ந்தால் ஊர் வந்துவிடும்” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என் பள்ளி, என் தோழியர், நான் நீந்தக் கற்றுக்கொண்ட கடல் எல்லாம் இங்கே இருந்தன. ஆண்டுத்தேர்வு முடிந்ததும் புறப்பட வேண்டும் என்று கேட்ட நாள்முதல், ஒரு வாரமாக அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். சோறு போதுமா என்று கேட்டால் தலையை மட்டும் அசைப்பேன். பதின்மூன்று வயதில் கோபத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

அந்த நிலையில்தான் அப்பா, “சனிக்கிழமை எதிர்க்கரை மலைக்குப் போவோம்; வனத்துறையில் அனுமதி வாங்கிவிட்டேன்” என்றார். மலை உச்சியிலிருந்து காட்டு வழியாக நடந்து, மறுபுறம் மதுபன் கடற்கரையில் இறங்க வேண்டும். ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடை. அங்கிருந்து ஒரு சிறு விசைப்படகில் பூங்காவின் கரையோரமாகவே நகருக்குத் திரும்ப வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூட்டை கட்டும் வேலையும் இருந்தது. “நான் வரவில்லை. நீங்கள் மேலே போய்ச் சேரும் நேரத்தில் மொட்டைமாடியில் சிவப்புப் போர்வையை விரித்துக் காயப்போடுகிறேன். நம் வீடு எங்கே இருக்கிறதென்று அதை வைத்துக் கண்டுபிடியுங்கள்” என்றார். தம்பிக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமாவிடம் தொலைநோக்கியை இரவல் வாங்கி வந்து, முதல்நாள் இரவே கழுத்தில் மாட்டிக்கொண்டு உறங்கினான்.

விடியற்காலையில் சாத்தம் துறைக்குச் சென்றோம். 1883இல் நிறுவப்பட்ட பழைய மர அறுவை ஆலை அங்கே இருக்கிறது. துறையருகே நின்றபோது மரத்தூளின் மணம் மெல்ல வந்தது. மோட்டார் வண்டிகளையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் பெரிய படகு, கால் மணி நேரத்தில் எங்களைப் பம்பூ பிளாட் கரையில் இறக்கியது. அந்தக் கால் மணி நேரமும் அப்பா படகின் நடுவிலேயே, கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவருக்குக் கடலென்றால் ஆகாது. கரிசல் மண்ணில் பிறந்தவர். சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர். அங்கே கிணற்றிலும் நீர் அரிது. ஆதலால் அவர் நீந்தக் கற்றதில்லை.

கரையிலிருந்து ஜீப்பில் ஏறினோம். வழியில் ஹோப் டவுன் என்னும் இடத்தைக் கடந்தோம். ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, கையை மட்டும் நீட்டிக் காட்டினார். 1872 பிப்ரவரி 8ஆம் நாள், இந்தியாவின் ஆங்கிலேய வைசிராய் மேயோ பிரபு இந்த மலையிலிருந்து கதிரவன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அங்கிருந்த படகுத்துறையில் ஷேர் அலி அப்ரிடி என்னும் கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அழகிய காட்சியைப் பார்க்க வந்த மனிதரின் கடைசி மாலை அது என்று எண்ணியபோது உடல் சிலிர்த்தது. தம்பியோ, “கத்தி இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். ஓட்டுநர் சிரித்தாரேயன்றி விடை கூறவில்லை.

மலையின் உயரம் நானூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எண்ணாகச் சொன்னால் பெரிதில்லை. ஆனால் அந்த உயரம் கடலிலிருந்து நேரே எழுவதால் உச்சியில் நிற்கும்போது உலகமே கீழே இறங்கிப்போனது போல் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தமான் கைதிகள் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்த டைட்லர் என்பவருடைய மனைவியின் பெயர் ஹாரியட். அவர் பெயரையே இந்த மலைக்கு இட்டார்கள். 1891இல் நிகழ்ந்த ஆங்கிலேய–மணிப்பூரிப் போருக்குப் பின், மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் அவரைச் சார்ந்தோரும் நாடுகடத்தப்பட்டு இந்த மலைப்பகுதியில்தான் சிறைவைக்கப்பட்டார்கள். அவர்கள் நினைவாக, 2021இல் இதன் பெயர் மவுண்ட் மணிப்பூர் என்று மாற்றப்பட்டது. போர்ட் பிளேரும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. நான் வளர்ந்த இடங்கள் வேறு பெயர்களில் அங்கேயே இருக்கின்றன. ஆயினும், என் நாவில் பழைய பெயர்களே முதலில் வருகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் எங்களுக்கு வழிகாட்ட ஒரு வனக்காவலர் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். தோளில் அரிவாள் தொங்கியது. காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. நாங்கள் புதிதாக வாங்கிய காலணிகளை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் அவர் எங்களை ஒரு திருப்பத்துக்கு அழைத்துச் சென்றார். “இருபது ரூபாய் இருக்கிறதா?” என்று இந்தியில் கேட்டார். கூலி கேட்கிறார் என்று எண்ணிய அப்பா, சட்டைப்பையிலிருந்து சிவப்பு நிறத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். காவலர் அதை வாங்கவில்லை. “பின்புறம் திருப்புங்கள்” என்றார்.

தாளின் பின்புறத்தில் தென்னை மரங்களும் கடலும் கரையும் அச்சிடப்பட்டிருந்தன. கண்ணை உயர்த்தினால் அதே கரை, அதே கடல். நார்த் பே முனையில் அதே கலங்கரை விளக்கம். பல ஆண்டுகளாக இந்தியா முழுவதும் கைமாறிக்கொண்டிருந்த படம், நான் நாள்தோறும் பார்த்த மலையிலிருந்து தெரியும் காட்சி! அந்தப் படத்தை எத்தனை கடைகளில் கொடுத்து மிட்டாய் வாங்கியிருக்கிறேன்! தம்பி தாளை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, படத்தையும் காட்சியையும் பொருத்திப் பார்த்தான். “மரங்கள் மாறிவிட்டன” என்று தீர்ப்பளித்தான்.

பிறகு தெற்கே திரும்பி எங்கள் வீட்டைத் தேடினோம். துறைமுகத்துக்கு அப்பால் நகரம் சிந்திய சுண்ணாம்பைப் போலக் கிடந்தது. தொலைநோக்கியை முறைவைத்துப் பார்த்தோம். கப்பல் ஒன்று தெரிந்தது. சாத்தம் ஆலையின் கூரை தெரிந்தது. எங்கள் மேட்டில் சிவப்பாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. “அதோ! சிவப்புப் போர்வை! அம்மா கையசைக்கிறார்கள்!” என்று தம்பி கூவினான். அவன் நோக்கிய திசையில் நானும் வெகுநேரம் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

“உங்களுக்கு ஊர் எது?” என்று காவலர் கேட்டார்.

“திருநெல்வேலி” என்றார் அப்பா.

“இந்த ஊர்தான்” என்றேன் நான். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரு வாரத்தில் அப்பாவை ஒட்டி நான் பேசிய முதற்சொல் அவரை மறுத்துச் சொன்னதாக அமைந்துவிட்டது. அப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காவலர் நடையைத் தொடங்கினார். சிறிது தூரம் போனபின், திரும்பிப் பாராமலே பேசினார். சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து, காட்டில் மரம் வெட்டும் வேலைக்கென்று அவருடைய பாட்டனாரைக் கப்பலில் அழைத்து வந்தார்களாம். அப்படி வந்தவர்களை எல்லாம் அந்தமானில் ‘ராஞ்சி’ என்றே அழைப்பார்கள். அது எனக்கும் தெரியும். “என் தந்தை ராஞ்சியைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. என் மகளும் பார்த்ததில்லை. ஆனால் கடைக்குப் போனால் ராஞ்சிக்காரர் வந்திருக்கிறார் என்பார்கள்” என்றார். வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று அறிய இயலவில்லை. அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. அரிவாள் தொங்கும் முதுகுதான் தெரிந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுபோயிற்று. மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மரத்தின் அடியில் நின்றுகொண்டு உச்சியைப் பார்க்க இயலாது. அடிமரத்திலிருந்து பலகைகளைப் போல வேர்கள் புறப்பட்டுச் சுவர் எழுப்பியிருக்கும். அந்தச் சுவர்களுக்கிடையே ஒருவர் படுத்து உறங்கலாம். அப்படியொரு மரத்தைக் காவலர் தட்டிக் காட்டினார். அது படாக். அந்தமானின் மாநில மரம். சிவந்த மரம் என்பதால், அதில் செய்த நாற்காலியையும் கட்டிலையும் பெருமையாகப் போற்றுவார்கள். அப்பா அதன் இலையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “இது வேங்கைக்கு உறவு அல்லவா?” என்றார். பின்னாளில் நூலில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நம் பழம்பாடல்களில் பொன்னிறப் பூச் சொரியும் வேங்கையும் இந்தப் படாக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

கருங்கல் என்று பொருள்படும் ‘காலா பத்தர்’ வரை வழி எளிது. பயணிகள் பெரும்பாலோர் அங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை. பிரம்புக் கொடிகளின் முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. கீழே விழுந்து கிடந்த மரங்களைச் சில இடங்களில் ஏறிக் கடந்தோம். சில இடங்களில் குனிந்து கடந்தோம். துடுப்புவால் கரிச்சான் ஒன்று வெகுதூரம் எங்களுக்கு முன்னே கிளைகிளையாகத் தாவி வந்தது. அதன் வாலின் இரண்டு நீண்ட இழைகளின் முனையில் துடுப்பைப் போன்ற இறகுகள் இருக்கும். பறக்கும்போது, இரண்டு வண்டுகள் அதைத் துரத்துவதைப் போலத் தோன்றும்.

நண்பகலுக்கு முன்னே ஓரிடத்தில் காவலர் சட்டென்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். பாதையின் நடுவே ஒரு புறா இரை பொறுக்கிக்கொண்டிருந்தது. சிறகுகள் பளிச்சிடும் பச்சை, அலகு சிவப்பு. எங்களைப் பார்த்தும் பறக்கவில்லை. இரண்டு அடி ஒதுங்கி மீண்டும் சருகைக் கிளறியது.

“மரகதப்புறா!” என்று அப்பா மெல்லச் சொன்னார். “தமிழ்நாட்டின் மாநிலப் பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுவயதில் ஒருமுறை பார்த்தேன். நம் ஊர்ப் பறவை இங்கே என்ன செய்கிறது?”

“அது இங்கேயே பிறந்திருக்கும், அப்பா” என்றேன்.

நான் சண்டைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று எண்ணியே சொன்னேன். அப்பா அதற்குச் சிறிது சிரித்தார். அந்தமானுக்கு வேறொரு புறா மாநிலப் பறவை, அந்தமான் காட்டுப்புறா. அதைக் காணும் பேறு அன்று எங்களுக்குக் கிட்டவில்லை.

ஒரு நீரோடையருகே அமர்ந்து அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையை உண்டோம். காவலர் முதலில் தயங்கினார். பிறகு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். தம்பி நடந்து களைத்துவிட்டான். இன்னும் எவ்வளவு தூரம் என்று அவன் கேட்கும்போதெல்லாம் “இதோ, அரைமணி” என்று காவலர் சொன்னார். அந்த அரைமணி இரண்டரை மணி நேரம் நீண்டது. இறுதியில் காற்றில் உப்பு மணம் கலந்தது. மரங்களின் இடைவெளியில் நீலம் தெரிந்தது. ஓடினோம்.

மதுபன் கடற்கரையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மரத்தொழில் செழித்திருந்த காலத்தில், யானைகளுக்கு அங்கே பயிற்சி அளித்தார்களாம். அந்தமானில் இயற்கையாக யானைகள் இல்லை. அவற்றையும் கப்பலில்தான் கொண்டுவந்தார்கள். கடலில் மூன்று நாள் வந்த யானைக்குத் தலை சுற்றியிருக்குமா என்று தம்பி கேட்டான். எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. அப்பா, “எனக்குச் சுற்றியது” என்றார்.

கரையோரம் பட்டுப்போன மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறத்தாழ 1 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. முன்பு மண்ணில் நின்ற மரங்களின் காலடியில் உப்புநீர் புகுந்தது. அலைகள் வந்து போய்விட்டன. இறங்கிய நிலம் அப்படியே இருந்தது.

படகு வந்திருந்தது. ஆனால் அது கரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தொலைவில் நின்றது. அமாவாசையை ஒட்டிய நாள். கடல் வழக்கத்தைவிட மிகுதியாக வற்றியிருந்தது. கரைக்கும் படகுக்கும் இடையே பவளப்பாறைத் திட்டு. அதன்மேல் முழங்காலளவும் சில இடங்களில் இடுப்பளவும் நீர். படகோட்டி கைகளைக் குறுக்கே அசைத்து, இதற்குமேல் வர இயலாது என்று காட்டினார். வந்தால் படகின் அடிப்பாகம் உடையும், பவளமும் உடையும். நீர் ஏறும்வரை காத்திருந்தால் இருட்டிவிடும். அந்தமானில் கதிரவன் மாலை ஐந்தரைக்கே மறைந்துவிடுவான். வந்த வழியே காட்டில் திரும்பவும் நேரமில்லை.

அப்பாவின் முகம் வெளுத்தது. “காத்திருப்போமே” என்றார். காவலர் வானத்தைப் பார்த்தார், தலையசைத்தார். “நடந்து போய்விடுங்கள். வெள்ளையாகத் தெரிவது மணல். அதில் கால் வையுங்கள். கறுப்பாகத் தெரிவதில் வைக்காதீர்கள். காலைத் தூக்கி வைக்க வேண்டாம். தேய்த்துத் தேய்த்து நடங்கள். மணலுக்குள் திருக்கை கிடந்தால் ஓசை கேட்டு விலகிவிடும்” என்றார். தம்பியைத் தம் தோள்மேல் ஏற்றிக்கொண்டு, செருப்புக் காலோடு அவர் முதலில் இறங்கினார். தம்பியின் கழுத்தில் தொலைநோக்கி ஆடியது.

நானும் அப்பாவும் கரையில் நின்றோம். அவருடைய கை என் தோளைப் பற்றியது. அது நடுங்குவதை உணர்ந்தேன். அதுவரை நான் சிறுமி. சாலையைக் கடக்கும்போது அவர்தான் என் கையைப் பிடிப்பார். இப்போது நான் அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். “என் பின்னாலேயே வாருங்கள், அப்பா. கீழே பார்க்க வேண்டாம். என் தோளைப் பாருங்கள்” என்றேன்.

நீர் கண்ணாடியைப் போலத் தெளிந்திருந்தது. கீழே பார்க்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டு நான் மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூளையைப் போன்ற மடிப்புகளோடு உருண்டைப் பவளங்கள். கறுத்த கடல் அட்டைகள். பாறைக்குள் புதைந்து, நீல உதடுகளைத் திறந்து வைத்திருந்த ஒரு பெரிய சிப்பி. எங்கள் நிழல் பட்டதும் உதடுகளை மூடிக்கொண்டது. பாதி வழியில் நீர் இடுப்புக்கு ஏறியது. அப்பா நின்றுவிட்டார். சிற்றலைகள் வந்து மோதும்போதெல்லாம் அவர் கைப்பிடி இறுகியது.

“பேசிக்கொண்டே வாருங்கள், அப்பா” என்றேன். அச்சத்தில் இருப்பவரைப் பேசவைக்க வேண்டும் என்று நீச்சல் பழக்கிய அக்கா சொல்லியிருந்தார்.

என்ன பேசுவதென்று அவர் சிறிது நேரம் தடுமாறினார். பிறகு சொல்லத் தொடங்கினார். தாத்தா இறந்ததைச் சொன்னார். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா மட்டும் ஊருக்குப் போய்வந்தது நினைவிருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. தொலைபேசி வந்த அன்று விமானத்தில் இடம் இல்லையாம். கப்பலில் போனால் சென்னைக்கே மூன்று நாள் ஆகும். மறுநாள் இடம் கிடைத்து, சென்னையில் இறங்கி, பேருந்தில் விடிய விடியப் பயணம் செய்து ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சித்தப்பாதான் கொள்ளி வைத்திருந்தார். “ஆச்சி வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்து அழவில்லை. ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டார்கள். இப்போது அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த முறையும் இரண்டு நாள் கழித்து நான் போய் நிற்கக் கூடாது, அம்மா.”

அவர் என்னை எப்போதும் ‘அம்மா’ என்றுதான் அழைப்பார். அன்று அந்தச் சொல் எனக்கு வேறு மாதிரி கேட்டது. மறுமொழி ஒன்றும் தோன்றவில்லை. “இங்கே மணல் இருக்கிறது, காலை வையுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அவர் வைத்தார். மீண்டும், “இங்கே” என்றேன். அப்படியே படகுவரை போய்விட்டோம். படகோட்டி இரண்டு கைகளையும் நீட்டி அப்பாவை உள்ளே இழுத்துக்கொண்டார். காவலர் தம்பியை இறக்கிவிட்டு, கரைக்குத் திரும்புவதற்கு முன் அப்பாவின் முதுகில் ஒருமுறை தட்டினார். அவருக்கு அங்கிருந்து வேறு வழியாகப் போக வேண்டிய காவல் முகாம் ஒன்று இருந்தது. நாங்கள் வெகுதூரம் போகும்வரை, சாம்பல் மரங்களுக்கிடையே அவர் நிற்பது தெரிந்தது.

படகு தெற்கு நோக்கிச் சென்றது. இடப்புறம் எல்லையில்லாத கடல். வலப்புறம் காலையிலிருந்து நாங்கள் நடந்த காடு, ஒரே பச்சைச் சுவராக நீரிலிருந்து எழுந்து நின்றது. கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டதால் கரையெல்லாம் நிழல். கடலில் மட்டும் வெயில். அந்த நிழலுக்கும் வெயிலுக்கும் இடையே உள்ள கோட்டின்மேல் படகு போய்க்கொண்டிருந்தது. அத்தனை மணி நேரம் முள்ளிலும் வேரிலும் தடுக்கி நடந்த தூரத்தைப் படகு மிகச் சிறிது நேரத்தில் கடந்துவிட்டது. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

படகோட்டி ஆந்திரக் கரையிலிருந்து வந்து குடியேறிய மீனவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். தெலுங்கு கலந்த இந்தியில் அப்பாவோடு பேச்சுக் கொடுத்தார். உயிர்காப்புச் சட்டைக்குள் கழுத்துவரை புதைந்திருந்த அப்பா, ஒரு கையால் பலகையையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்திருந்தார். நார்த் பே முனையைச் சுற்றும்போது அலை பெரிதாயிற்று. கலங்கரை விளக்கம் எங்கள் தலைக்குமேல் உயர்ந்து நின்றது. தம்பி அந்த இருபது ரூபாய்த் தாளைக் கேட்டான். அப்பா சட்டைப்பையில் தேடி எடுத்தார், நனைந்து ஒட்டிப்போயிருந்தது. விரித்து, காற்றில் பறக்காமல் முழங்காலின்மேல் அழுத்தி வைத்தார். அதில் தெரிந்த கடலின்மேல் இப்போது நாங்கள் இருந்தோம்.

“போபாலில் ஏரி இருக்கிறது” என்றார் அப்பா, தாளைப் பார்த்தபடியே. “பெரிய ஏரி. படகும் விடுவார்களாம்.”

“நீங்கள் ஏறுவீர்களா?” என்று கேட்டேன்.

“நீ முன்னால் ஏறினால்” என்றார்.

ராஸ் தீவு இடப்புறம் கடந்தது. அட்லாண்டா முனையில் செல்லுலார் சிறையின் நீண்ட சுவர் மங்கலாகத் தெரிந்தது. அபர்டீன் துறையில் இறங்கியபோது விளக்குகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். தரையில் கால் வைத்ததும் அப்பா ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு எங்களுக்காக ஆட்டோவை அழைத்தார்.

வீட்டு வாயிலில் அம்மா நின்றிருந்தார். உடை முழுதும் நனைந்து, உப்புப் பூத்து வந்த எங்களைப் பார்த்து முதலில் திகைத்தார். தம்பி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

“அம்மா, உச்சியிலிருந்து பார்த்தேன்! சிவப்புப் போர்வை நன்றாகத் தெரிந்தது! நீங்கள் கையசைத்ததும் தெரிந்தது!”

அம்மா அவன் தலையைத் தடவினார். “சிவப்புப் போர்வையைத்தான் முந்தாநாளே பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டேனே! காலையில் தேடியபிறகுதான் நினைவுக்கு வந்தது. என் பச்சைச் சேலையை அல்லவா போட்டிருந்தேன்?” என்றார்.

அப்பாதான் முதலில் சிரித்தார். தம்பி சற்றும் தயங்காமல், “அதுவும் தெரிந்தது” என்றான்.